சைடு போஸ் சக்கரவர்த்திகள்

மூக்கு எடுப்பாக இருப்பவர்களைப் பக்கவாட்டில் உட்காரவைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். கரூரில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் இதை எத்தனையோ மாப்பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் கேட்டதில்லை. "நேராப் பாத்து எடுங்கண்ணா, பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்" என்பார்கள். இரண்டு காதும் தெரிந்தால்தான் அது முகம் என்று நம் பக்கத்தில் ஓர் எண்ணம். ரோமானியர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்களுடைய காசுகளில் சக்கரவர்த்தி முதல் சக்கரவர்த்தினி வரை ஏறக்குறைய எல்லோரும் சைடு போஸ்தான். ரிட்டயர்மெண்ட் வயதில் எனக்கு அந்தக் காசுகள்மீது பைத்தியம் பிடித்ததற்கு முதல் காரணம் இது.

பக்கவாட்டு முகத்துக்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. காசில் உருவம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் மேடாக நிற்கும். நேர்முகமாக வெட்டினால் மூக்குதான் மிக உயரமான இடம். கைமாறக் கைமாற முதலில் தேய்வதும் அதுதான். பக்கவாட்டில் வெட்டினால் நெற்றி, மூக்கு, உதடு, தாடை எல்லாம் ஒரே கோட்டில் ஓரமாக வந்துவிடும். கன்னம் வழவழவென்று தேய்ந்தாலும் ஆளை அடையாளம் தெரியும்.

காசு அடிக்கும் முறை எளியது. இரண்டு இரும்பு அல்லது வெண்கல அச்சுகள். முகம் வெட்டிய அச்சைப் பட்டடையில் பதித்துவிடுவார்கள். அதன்மேல் உலோக வில்லையை வைத்து, பின்பக்க அச்சை அதற்கு மேல் பிடித்துச் சம்மட்டியால் ஓர் அடி. ஒவ்வோர் அச்சும் ஒரு கைவினைஞர் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி, குழிவாக வெட்டியது. அதனால் ஒரே அரசனுக்கு ஆயிரக்கணக்கான முகங்கள் உண்டு. நல்ல கைக்காரன் வெட்டியதும் இருக்கும், சுமாரான கைக்காரன் வெட்டியதும் இருக்கும். இவர்களில் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. காசு சேகரிப்பவர்களில் சிலர் வரிசையாக எல்லா அரசர்களையும் பிடிக்கப் பார்ப்பார்கள், சிலர் அபூர்வத்தைத் தேடுவார்கள். நான் அந்தப் பெயர் தெரியாத ஆட்களின் கைவேலையைத்தான் தேடி வாங்குகிறேன்.

ரோம் நகரத்து நாணயச்சாலையில் உயிரோடிருக்கும் ஒரு ரோமானியரின் முகம் காசில் ஏறியது கி.மு. 44-இன் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பு தெய்வங்களும் செத்துப்போன முன்னோர்களும் மட்டும்தான். முதலில் ஏறியவர் ஜூலியஸ் சீசர். அந்த டெனாரியஸ் வெள்ளிக் காசைப் பார்த்தால் அச்சு வெட்டியவர் துளிகூடத் தயவு காட்டவில்லை என்று தெரியும். கழுத்து மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது. தலையில் தடிமனான மாலை. வழுக்கையை மறைக்கத்தான் சீசர் எப்போதும் மாலையோடு இருந்தார் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த மார்ச் 15-ஆம் தேதி சீசரைக் குத்திக் கொன்றார்கள். காசில் முகம் போட்டுக்கொள்வது ராஜா செய்கிற வேலை என்ற கோபமும் அவர்மேல் இருந்த கோபங்களில் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், ராஜாவே கூடாது என்று குத்திய புரூட்டஸ் மூன்றே ஆண்டுகளுக்குள் தன் முகத்தையும் காசில் போட்டுக்கொண்டார். பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள், நடுவில் அடிமைத்தளை நீங்கியவர்கள் அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த நாளின் பெயர். அதன் பொற்காசு ஒன்று 2020-இல் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. பிறகு அதன் பூர்வீகம் பற்றிச் சொன்ன கதை பொய் என்று விசாரணையில் தெரிந்து, 2023-இல் காசு கிரேக்க நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. யாரிடமிருந்து வந்தது என்ற தாள் இல்லாத காசை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதை, நல்ல முகத்தைப் பார்த்து மயங்கி நிற்பவர்கள் காதில் வாங்குவதில்லை. இதையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

சீசருக்குப் பின் வந்த அகஸ்டஸ் வேறு ரகம். நாங்கள் ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ்மேல் பென்சில் ஓட்டி அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பையும் மூடுவோம். டச்சிங் என்று பெயர். அகஸ்டஸ் ஆயுள் முழுக்க டச்சிங்கிலேயே வாழ்ந்தவர். கி.பி. 14-இல் அவர் இறக்கும்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது; காசில் கடைசிவரை வாலிபன். பேரன்கள் கேயஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்கும் வெள்ளிக் காசு தமிழ்நாட்டில் நிறையக் கிடைத்திருக்கிறது. அதை வெளியிட்ட காலத்தில் அவர் அறுபதைக் கடந்தவர். ஒரு சுருக்கம், ஒரு தொய்வு காட்டுங்கள் பார்ப்போம்! அழகான முகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை நான் அதிகநேரம் பார்ப்பதில்லை.

அதிகநேரம் பார்ப்பது நீரோவை.

பதினாறு வயதில், கி.பி. 54-இல், பட்டத்துக்கு வருகிறான். அந்த ஆண்டுப் பொற்காசிலும் வெள்ளிக் காசிலும் அவனும் அவன் தாய் அக்ரிப்பினாவும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஓடும் எழுத்து தாயின் பெயரையும் பட்டங்களையும் சொல்கிறது. மகன் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. மறு ஆண்டுக் காசில் இரண்டு முகமும் ஒரே திசை பார்க்கின்றன. மகன் முன்னால் நிற்கிறான், தாய் அவனுக்குப் பின்னால் விளிம்பாகத் தெரிகிறாள். முன்பக்க எழுத்து இப்போது அவன் பெயர். அதற்குப் பிறகு தாயின் முகம் ரோமக் காசில் வரவே இல்லை. கி.பி. 59-இல் அவளைக் கொல்ல உத்தரவிட்டவன் அவன்தான். ஒரு குடும்பத்துக்குள் அதிகாரம் கைமாறியதை இவ்வளவு பச்சையாக எந்த ஆல்பத்திலும் நான் பார்த்ததில்லை.

அவன் முகம் மாறுவதும் அப்படித்தான். முதலில் ஒல்லிக் கழுத்து, அடக்கமான பையன். கி.பி. 64-க்குப் பிறகு கழுத்து தலையளவு தடித்து, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை தொங்குகிறது. முன்முடியை அடுக்கடுக்காகச் சுருட்டி நிறுத்தியிருக்கிறான். என் மகள் வயிற்றுப் பேத்தி இரண்டு காசின் படத்தையும் பார்த்துவிட்டு, "அப்பிச்சி, இந்தப் பையன் ஏன் இப்படிக் குண்டாயிட்டான்?" என்றாள். இருவரும் ஒரே ஆள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்படியென்றால் அச்சு வெட்டியவன் பெரிய ஆள். சக்கரவர்த்தியை இப்படி வெட்டத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நீரோ அந்தத் தடிப்பைச் செல்வச் செழிப்பாகத்தான் பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் தொந்தி கௌரவம்தானே.

நீரோவின் செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசில்தான் இந்த முகத்தின் முழு வீச்சும் தெரியும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், ஏறத்தாழ 25 கிராம். டெனாரியஸோ நம் ஒரு ரூபாயைவிடச் சிறியது, நாலு கிராம்கூட இல்லை. முகம் பிடித்துச் சேர்க்கிறவர்கள் பித்தளைக்கு ஏங்குவது இதனால்தான். பிரான்சில் உள்ள இன்றைய லியோன் நகரில் அடித்த நீரோ பித்தளை என்றால் கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன உருண்டை இருக்கும்; ரோமில் அடித்ததில் இருக்காது. லியோன்காரர்கள் கை கொஞ்சம் தாராளம்.

அதே கி.பி. 64-இல் நீரோ இன்னொரு வேலையும் செய்தான். முன்பு ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்தார்கள். அவன் 96 ஆக்கினான். செம்பும் கூடுதலாகக் கலந்தான். முகம் பெருக்கப் பெருக்க வெள்ளி இளைத்தது. இந்தச் செய்தி நம் துறைமுகங்களுக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். 1842-இல் கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் கிடைத்த புதையலில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். பெரும்பாலும் அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் முகங்கள். தென்னிந்தியப் புதையல்கள் பலவும் இப்படித்தான். நீரோ கலப்படம் செய்த பிறகு வந்த வெள்ளி மிகக் குறைவு. மிளகு விற்ற நம் ஆட்கள் முகத்துக்கு மயங்காமல் உலோகத்தைப் பார்த்தார்கள் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். உரைகல் நம்மிடமும் இருந்ததே.

முகத்துக்கு மயங்காதது மட்டுமில்லை, அதை வெட்டியும் இருக்கிறார்கள். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் வெளிப்பட்டது. மொத்தம் 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு பவுன் எடை. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. கவனித்துச் செய்த வெட்டு. எழுத்தில் படாமல், பின்பக்கத்தில் படாமல், கன்னத்தில் மட்டும். உள்ளே தங்கம்தானா என்று சோதித்த வெட்டு என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதும். "இனி இது காசு இல்லை, வெறும் தங்கம், எடை போட்டு விற்கும் சரக்கு" என்று அறிவித்த வெட்டு என்பது இன்னொரு கருத்து. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ரோமில் சக்கரவர்த்தியின் முகத்தை அவமதித்தால் தலை போகும். இங்கே உட்கார்ந்து ஒருவர் நிதானமாக நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறார். அந்தக் காசுகளில் சில லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எல்லோரும் வெட்டவில்லை. இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில் தலைக்கு மேலே அருகருகே இரண்டு துளைகள் இருக்கும். கோத்துக் கழுத்தில் போட்டவர்கள் முகம் நேராகத் தொங்க வேண்டும் என்று பார்த்துத் துளைத்திருக்கிறார்கள். ரோமக் காசைப் பார்த்து நம்மவர்களே அச்சு வெட்டிய போலிகளும் உண்டு. முகம் இருக்கும், மூக்கு இருக்கும், எழுத்து மட்டும் வெறும் கோடும் வட்டமுமாக இருக்கும்.

என்னிடம் உள்ள டைபீரியஸ் வெள்ளியில் கன்னத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. "அண்ணா, இது அடிபட்டதுங்க, வேற தர்றேன்" என்று விற்றவரே தயங்கினார். அதுதான் வேண்டும் என்று வாங்கினேன். டைபீரியஸ் முகம் பொதுவாகச் சுவாரஸ்யமற்றது. இருபத்துமூன்று ஆண்டு ஆட்சியில் ஏறக்குறைய ஒரே மாதிரிக் காசையே அடித்துத் தள்ளினார். இயேசு காட்டச் சொன்ன வரிக்காசு இதுவாக இருக்கலாம் என்று நம்புவதால் மேல்நாட்டில் இதற்குக் கிராக்கி. வெட்டு விழுந்தால் அங்கே விலை இறங்கும். தமிழ்நாட்டில் சேகரிப்பவர் அந்த வெட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்பது என் கட்சி.

நீரோ செத்த மறு ஆண்டு, கி.பி. 69, முகம் பார்ப்பவர்களுக்கு விருந்து. ஒரே வருடத்தில் நாலு பேர் பட்டத்தில். எழுபது வயது கல்பா, வளைந்த மூக்கும் வரிவரியான நெற்றியுமாக. மூன்றே மாதம் இருந்த ஓதோவுக்குத் தலையில் டோப்பா. காசிலேயே அது டோப்பா என்று தெரிகிறது. வெட்டியவர் மறைக்கவில்லை. சாப்பாட்டுராமன் விட்டேலியஸுக்குக் கழுத்தே கிடையாது. கடைசியில் ஜெயித்த வெஸ்பேசியன் வழுக்கை, சுருங்கிய வாய், கடைத்தெருவில் பேரம் பேசும் கிழவர் முகம். மலச்சிக்கல்காரன் முகம் என்று அந்தக் காலத்திலேயே அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். காசைப் பார்த்தால் கேலி செய்தவன்மேல் தப்பில்லை. அகஸ்டஸின் பளபளப்புக்குப் பிறகு இந்த முகங்கள் எனக்கு மூச்சு விட இடம் தருகின்றன.

பெண்கள் முகம் தேடுபவர்களுக்கு இரண்டாம் நூற்றாண்டு. கி.பி. 140 வாக்கில் இறந்த மூத்த ஃபௌஸ்டினாவை அவள் கணவர் அன்டோனினஸ் பயஸ் தெய்வமாக்கி ஏராளமாகக் காசு அடித்தார். உச்சியில் சுற்றிவைத்த பின்னல் கொண்டை ஒவ்வோர் இழையாகத் தெரியும். ஏராளமாக அடித்ததால் விலையும் கைக்கு எட்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இவளைத்தான். மகள் இளைய ஃபௌஸ்டினா கொண்டையை மாற்றிக்கொண்டே இருந்தாள். கொண்டையை வைத்தே காசின் காலத்தைக் கணிக்கிறார்கள். சிரியாவிலிருந்து வந்த ஜூலியா டோம்னாவின் முடி, தலைக்கவசம்போல அலை அலையாகக் காதை மூடி இறங்கும்.

டோம்னாவின் மூத்த மகன் காரகல்லாவைத் தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு வயதில் கொழுகொழு கன்னத்தோடு முதல் காசு. பிறகு மீசை அரும்பி, தாடி வளர்ந்து, கடைசியில் புருவம் நெரித்த முறைப்பு. நடுவில் கி.பி. 211-இல் தம்பி கேட்டாவைக் கொலை செய்கிறான். தம்பி முகத்தை நாடு முழுக்க அழிக்க உத்தரவு. சிற்றாசியா நகரங்கள் சிலவற்றில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே இருக்கும் பழைய காசைத் தேடியெடுத்துத் தம்பியின் தலையை மட்டும் உளியால் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். நம்மூர் வெட்டுக்கும் இந்தச் செதுக்கலுக்கும் வித்தியாசம் உண்டு. அங்கே பயம் வெட்டியது, இங்கே வியாபாரம்.

பிறகு மூன்றாம் நூற்றாண்டில் அரசர்கள் வேகமாக மாறுகிறார்கள், வெள்ளி மெலிந்து செம்பாகிறது, நாலாம் நூற்றாண்டில் முகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆகிவிடுகின்றன. கான்ஸ்டன்டைன் வானத்தைப் பார்க்கும் காசு ஒன்று அருமையாக இருக்கும். அதோடு சரி. கரூர் அமராவதியிலும் மதுரை வைகையிலும் மணலிலிருந்து கிடைக்கும் ரோமானியச் செப்புக் காசுகள் அந்தப் பிற்காலத்தவை. தியோடோசியஸ், அவர் மகன்கள் ஆர்காடியஸ், ஹொனோரியஸ் காலம். சுண்டுவிரல் நகத்தளவு. முகத்துக்காகச் சேர்ப்பவனுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை, ஆனால் வரலாற்றுக்கு நிறைய இருக்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைப் பொறுமையாகச் சேர்த்துப் படித்து நூலே எழுதினார்.

வாங்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காசைப் பார்க்கும்போது முதலில் கண், மூக்கு நுனி, உதடு. இந்த மூன்றும் நின்றால் முடி தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. மூக்குக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்க வேண்டும். அச்சு தள்ளி விழுந்து மூக்கு விளிம்புக்கு வெளியே போயிருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பின்பக்கம் மழுங்கியிருந்தால் விலை பாதியாகும். முகத்துக்காக வாங்குபவனுக்கு அது லாபம். விளக்கு வெளிச்சம் முகம் பார்க்கும் திசையிலிருந்து சாய்வாக விழட்டும். கீழிருந்து வெளிச்சம் வந்தால் மேடு பள்ளமாகத் தெரிந்து முகம் குழிவிழுந்துபோகும். ஃபோட்டோ பார்த்து வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

காசுக்கும் டச்சிங் உண்டு. தேய்ந்த செஸ்டர்ஷியஸை வாங்கி, நுண்ணிய உளியால் முடியையும் கண்ணையும் புதிதாகக் கீறி, மேலே செயற்கையாகக் களிம்பு ஏற்றி விற்பார்கள். உடல் முழுக்கத் தேய்ந்திருக்க முடி மட்டும் நேற்று வாரியதுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். முழுப் போலிக்கு வயது அதிகம். பதினாறாம் நூற்றாண்டிலேயே பதுவா நகரத்து கவினோ ரோமானியப் பாணியில் அற்புதமாகச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் பெக்கர், புதிதாக அடித்த காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டுக் குதிரைவண்டிக்கு அடியில் கட்டி ஊர் சுற்றிப் பழசாக்குவார் என்று கதை சொல்வார்கள். இன்றைய மலிவுப் போலிகள் வார்ப்பு. விளிம்பில் ஒட்டுக்கோடு, பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தில் சோப்புத்தனமான வழவழப்பு. ஒரே தழும்போடு இரண்டு காசு கண்ணில் பட்டால் இரண்டையுமே தொடாதீர்கள்.

மிருதுவான பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசின் கசியும். செம்பில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது நோய். மற்றக் காசுகளிலிருந்து உடனே பிரித்துவைத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை விற்பவருக்கு உரிமம் வேண்டும், நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுபோகக் கூடாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம். மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பது போய்விட்டால் அந்தக் காசு எனக்கு அழகான முகம் மட்டும்தான். ஆய்வாளருக்கு அதில் பாதி செய்தி காலி.

காசு வாங்க வசதியில்லாதவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே இருக்கின்றன. கையில் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்திலோ ஆற்றிலோ பழைய காசு ஏதாவது தட்டுப்பட்டால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மண்ணோடு அப்படியே தாசில்தார் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.